பாதி வெளுத்த லில்லி

கையிலிருந்த தட்டு சுட்டது. ஆட்டுக்கறியும் மசித்த உருளைக்கிழங்கும் பட்டாணியும் வைத்து மேலே ஈயத்தாள் மூடிய தட்டு. சுட்டாலும் நோலீன் அதைக் கீழே வைக்கவில்லை. நடைபாதையில் நின்றபடியே இடுப்புயரக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியோரம் மூன்று தூர்கள், வாள்போல நீண்ட இலைகளோடு நின்றிருந்தன. ஒவ்வோர் இலையிலும் இடது பாதி வெண்ணெய் நிறத்தில் வெளுத்தும் வலது பாதி பச்சையாகவும் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் நூறு பிள்ளைகள் ஓடி வந்தாலும் பெற்றவளுக்குத் தன் பிள்ளை தெரியும் அல்லவா, அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. உலகத்தில் அந்த லில்லி ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அந்த வீடு அவளுடையது. அங்கிருந்து இந்தக் காரம்புக் ஊருக்குக் காரில் முக்கால் மணி நேரம்.

"சாப்பாடு ஆறுது, அம்மணி. செடியை அப்புறமா கொஞ்சிக்கலாம்" என்றார் பெர்ட் கிழவர், தன் வீட்டு வாசலில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது நோலீனின் செவ்வாய்க்கிழமை வேலை. வழக்கமாக அவள் தன் ஊரில்தான் கொடுப்பாள். காரம்புக்குக்கு வண்டி ஓட்டும் பெண்மணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் அன்றைக்கு இங்கே வந்திருந்தாள்.

"அது யார் வீடு?"

"டெலியா வீடு. நல்ல பொம்பளை. ஆனா வாயைத் திறந்தா மூடமாட்டா, சொல்லிட்டேன்."

தட்டைக் கொடுத்துவிட்டு நோலீன் மறுபடி வேலியருகே வந்தாள். மனதுக்குள் ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லிக் கறுவினாள். அது கோரலியின் பெயர். திருடியது போதாதென்று ஊர் ஊராக வேறு விநியோகம் செய்திருக்கிறாளா, பாவி.

ஃபிளாக்ஸ் லில்லி அந்த வட்டாரத்தில் ஓர் அதிசயமே இல்லை. ஊரை விட்டு இரண்டு எட்டு நடந்து யூக்கலிப்டஸ் காட்டுக்குள் நுழைந்தால் காலில் இடறும். வசந்தத்தில் நீலமாய்ப் பூக்கும், கோடையில் ஊதாப் பழம் வைக்கும், முயல் மேயாது, வெயில் கொல்லாது. நோலீன் வீட்டில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பச்சைத் தூர் பல வருஷமாகக் கிடந்தது. ஒருநாள் துணி உலர்த்தும்போதுதான் அதன் நடுவில் ஒரே ஒரு தளிர் பாதி வெளுத்து வந்திருப்பதைப் பார்த்தாள். அவள் புருஷன் மெர்வ் பார்த்துவிட்டு, "நோய் பிடிச்சிருக்கு, பிடுங்கிப் போடு" என்றான். அவள் ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்துவந்து, அந்தத் தளிரை வேரோடு தனியே பிரித்து, ஐஸ்கிரீம் டப்பாவில் நட்டாள். புருஷன் சொன்னதைக் கேட்காமல் அவள் செய்த காரியங்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் கூடத் தேவைப்படாது. அதில் இது ஒன்று.

அந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. விதை போட்டால் வெறும் பச்சைதான் முளைக்கும். தூரைப் பிளந்து வேரோடு எடுத்து நட்டால் மட்டுமே வெளுப்பும் கூடவே வரும். அப்படி நட்ட பிறகும் சும்மா இருக்க முடியாது. அடியிலிருந்து முழுப் பச்சைத் தளிர் ஒன்று நைசாகத் தலைகாட்டும். பச்சைக்குத் தெம்பு அதிகம். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் வெளுத்ததை நெருக்கித் தள்ளிவிட்டுத் தானே தூர் முழுவதும் நிற்கும். அதனால் அடிக்கடி குனிந்து பார்த்து, பச்சையை மட்டும் அடியில் விரல் விட்டு, குதிங்கால் போலத் தடித்த அடிவேரோடு சேர்த்துப் பிடுங்க வேண்டும். நோலீன் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுவாள்.

பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் இருபது வருஷம் ரொட்டியில் வெண்ணெய் தடவியவள் அவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் கழுத்தெல்லாம் சிவந்துவிடும். ஊரில் நாட்டுச் செடி மன்றம் ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை தேவாலயக் கூடத்தில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் தன் தோட்டத்திலிருந்து ஒரு கொப்பை ஒடித்துத் தண்ணீர்ப் புட்டியில் செருகி நீள மேசையில் வைத்து, அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எத்தனையோ கூட்டங்களில் அவள் எல்லார் வேலியிலும் மஞ்சளாய்ப் பூக்கிற வாட்டில் பூவை வைத்துவிட்டு, "இது வாட்டில்" என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறாள். பாதி வெளுத்த இலையை வைத்த அன்று எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு துண்டு கேட்டபோது, "இன்னும் நிலைக்கலை, நிலைச்சப்புறம் தர்றேன்" என்றாள். நிலைப்பதாவது ஒன்றாவது! அது தன்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். வாழ்க்கையில் அவளிடம் மட்டும் இருந்த பொருள் வேறு எதுவும் இல்லை.

பிறகு மழை நின்றது. அந்த வருஷங்களில் மழை என்பது தொலைக்காட்சியில் வேறு ஊர்களுக்குப் பெய்கிற ஒன்று. தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடக்கூடாது என்று தடை வந்தது. விட்டால் பக்கத்து வீட்டுக்காரனே நகராட்சிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவான். எல்லார் வீட்டுக் குளியலறையிலும் ஒரு வாளி. காலுக்கடியில் விழுகிற தண்ணீரைப் பிடித்து, சோப்பு நுரையோடு செடிக்கு ஊற்றினார்கள். நோலீன் ரோஜாக்களைச் சாகவிட்டாள். கல்யாணமான வருஷம் நட்ட எலுமிச்சையையும் சாகவிட்டாள். பொதுவாக ஃபிளாக்ஸ் லில்லிக்குத் தண்ணீரே தேவையில்லை என்பார்கள். ஆனால் வெளுத்த இலைக்குப் பச்சை இலையின் தெம்பு கிடையாது. ஆகவே வாளித் தண்ணீர் முழுவதும் அதற்குத்தான் போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெர்வ் தண்ணீர் லாரிக்காரன். வறட்சியில் கொடிகட்டிப் பறந்த ஒரே தொழில் அவனுடையது. தொட்டி வற்றிய வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் பொழுதன்றைக்கும் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போவான். ஒருமுறை, லாரிக் குழாயில் கடைசியாக மிச்சம் நிற்குமே, அதையாவது லில்லிக்கு விடேன் என்று அவள் கெஞ்சினாள்.

"ஒரு சொட்டு இங்க விழுந்தா நாளைக்கே என் லைசென்ஸ் போயிடும், நோல். தண்ணிக்காரன் வீட்டுத் தோட்டம் பச்சையா இருந்தா ஊர் என்ன பேசும்? நம்ம வீடு காய்ஞ்சு கிடந்தாத்தான் எனக்கு மரியாதை."

அதைக் கேட்டு அவளுக்குக் கோபம் வரவில்லை. பெருமையாக இருந்தது. மன்றத்தில், தேவாலயத்தில், இறைச்சிக் கடையில் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். என் வீட்டுக்காரர் ஒரு சொட்டு கொடுக்கமாட்டார், அவ்வளவு நேர்மை.

ஓர் இலையுதிர் காலத்துக் காலையில் பெரிய தூரின் பின்பக்கம் காணாமல் போயிருந்தது. மண்வெட்டியால் ஒரே வெட்டாக வெட்டி எடுத்து, குழியை மூடி, மேலே சருகைத் தூவி வைத்திருந்தார்கள். முயல் தின்றால் மண்ணை மூடிவிட்டுப் போகாது. இது செடி தெரிந்த கை. அந்தக் கை யாருடையது என்று யோசிக்க நோலீனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பின்வேலிக்கு அந்தப் பக்கம் கோரலியின் வீடு. இருவரும் புதுப்பெண்களாக அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சிநேகிதம். நடுவேலியில் ஒரு சின்னக் கதவு வைத்து, அதற்குத் தாழ்ப்பாள் போடாமலே முப்பது வருஷம் ஓட்டியிருந்தார்கள். கோரலிக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு, அதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். எந்தத் தோட்டத்தைப் பார்க்கப் போனாலும் மழை பெய்யாத ஊரில் குடை எடுத்துப் போவாள். திரும்பி வரும்போது குடைக்குள் ஒரு கொப்பு இருக்கும். "திருடி நட்டாத்தாண்டி வேர் நல்லாப் பிடிக்கும்" என்று சிரிப்பாள். பாதி வெளுத்த லில்லியை அவள் மூன்று தரம் கேட்டு, மூன்று தரமும் நோலீன் தரவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த கூட்டத்தில் தேநீர் இடைவேளையில், எல்லாரும் கையில் கேக்கோடு நிற்கும்போது, நோலீன் எழுந்து கேட்டுவிட்டாள். கழுத்து சிவக்கவே இல்லை.

"என் செடியை எங்க நட்டிருக்க, கோரலி?"

"என்ன செடி?"

"நடிக்காத. குடையை விரிச்சுக் காட்டு."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. கோரலி கோப்பையை மேசையில் வைத்தாள். "நான் எடுக்கலை, நோல்."

"அப்போ அது கால் முளைச்சுத் தானா நடந்து போச்சா?"

கோரலி அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, கூடத்தின் கோடியில் வெந்நீர்ப் பாத்திரத்தருகே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மெர்வைப் பார்த்தாள். நாற்காலி தூக்கிப் போட உதவியாக அவன் கூட்டத்துக்கு வருவது வழக்கம். "உன் வீட்டுல கேளு" என்று சொல்லிவிட்டு, தன் புட்டியையும் பூவையும் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போனாள். திருடியது மட்டுமல்லாமல் திமிராகவும் பேசுகிறாள் என்று நோலீனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மறுநாள் மெர்வ் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் நடுவேலிக் கதவை ஆணி அடித்து மூடினான். தன் பக்கம் நிற்க ஒரு மனுஷனாவது இருக்கிறானே என்று அவள் அன்றைக்கு அழுதாள். அதன் பிறகு இத்தனை வருஷமாகக் கோரலி மன்றத்துக்கு வரவேயில்லை.

இப்போது டெலியா வீட்டு வாசலில், மழைநீர்த் தொட்டித் தண்ணீர் பயன்பாட்டில் உள்ளது என்று ஒரு பலகை செருகியிருந்தது. அக்கம்பக்கத்தார் போன் போட்டுக் காட்டிக்கொடுக்காமல் இருக்க எல்லாரும் வைக்கிற பலகைதான். மழையே இல்லாத ஊரில் தொட்டி எப்படி நிரம்பியது என்று நோலீனுக்கு அப்போது தோன்றவில்லை. குனிந்து தூரின் அடியைப் பார்த்தாள். பச்சைத் தளிர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் குதிங்கால் வேரோடு சுத்தமாகப் பிடுங்கப்பட்டிருந்தன.

"அழகா இருக்கு இல்ல?" வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண் வீட்டிலிருந்து வந்தாள். அறுபதைத் தொட்டிருப்பாள். முழங்காலில் மண், முகத்தில் களங்கமில்லாத சிரிப்பு. "போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க."

"கோரலி குடுத்தாளா?" நோலீனின் குரல் அவளுக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது.

"கோரலியா? அது யாரு?" டெலியா வேலிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். "இதுக்குப் பின்னால ஒரு சோகக் கதையே இருக்கு, தெரியுமா? என் சிநேகிதர் ஒருத்தர் கொண்டுவந்து நட்டார். அவர் சம்சாரம் கண்டுபிடிச்ச செடியாம். எந்த நர்சரியிலயும் கிடைக்காது. அந்தம்மா பாவம், இப்போ இல்லை."

"இல்லைன்னா?"

"செத்துட்டாங்க. நோலீன்னு பேரு. தங்கமான பொம்பளையாம், அவர் சொல்லிச் சொல்லி எனக்கே பழகின மாதிரி ஆயிடுச்சு. புதன்கிழமை வந்தா முதல்ல இங்க குனிஞ்சு பச்சையெல்லாம் பிடுங்குவார். 'நோலீன் இருந்தா இப்படித்தான் செய்வா'ம்பார். சில நாள் கண்ணு கலங்கிடும். ஆம்பளைங்க அப்படி அழுது நான் பார்த்ததில்லை."

நோலீன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் கம்பி கொதித்தது. கேட்கவேண்டாம் என்று தெரிந்தும் கேட்டாள். "அவருக்கு என்ன வேலை?"

"தண்ணி லாரி. மெர்வ். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள். அந்த நிமிஷத்தில் அது பொய்யும் இல்லை.

நான்தான் அந்தச் செத்துப்போனவள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்த அப்பாவி முகம் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும். அதைவிட, இந்த முகத்தின் எதிரில் தான் அழ வேண்டிவரும். அது அவளால் முடியாது. மெர்வ் வீட்டில் ஒருநாளும் அந்தச் செடியைத் தொட்டதில்லை. குனிந்தால் முதுகு பிடிக்கும் என்பான். அவள் குனிவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பான். பார்த்துப் பார்த்துத்தான் கற்றிருக்கிறான். கற்றதை இங்கே வந்து செய்திருக்கிறான், அதுவும் கண்ணீரோடு.

"இவ்வளவு ஆசையா பாக்கறீங்களே, ஒரு துண்டு வெட்டித் தரட்டுமா?" என்றாள் டெலியா. "அந்தம்மா யாருக்கும் தரமாட்டாங்களாம். ஆனா செத்தவங்களுக்கு என்ன தெரியப்போவுது? நாலு இடத்துல இருந்தாத்தானே செடி பிழைக்கும்."

வேண்டாம் என்று சொல்ல நோலீன் வாயெடுப்பதற்குள் அவள் மண்வெட்டியோடு வந்துவிட்டாள். தூரின் ஓரத்தில் ஒரே வெட்டு. வேரில் ஒட்டிய மண்ணோடு செய்தித்தாளில் சுற்றி, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள்.

"உங்க பேர் கேட்கவே இல்லையே?"

"கோரலி" என்றாள் நோலீன்.

மிச்சச் சாப்பாட்டுத் தட்டுகளை எந்தெந்த வீட்டில் கொடுத்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. எல்லாருக்கும் கிடைத்திருக்க வேண்டும், யாரும் போன் செய்து திட்டவில்லை. வழியெங்கும் அவள் யோசித்ததெல்லாம் டெலியாவைப் பற்றி அல்ல. ஆண்பிள்ளைகள் சபலப்படுவது ஊரில் நடக்காத காரியமா என்ன? அதற்கும் அழுவாள், பின்னால் அழுவாள். அவள் மனதில் திரும்பத் திரும்ப வந்தது அந்தத் தேவாலயக் கூடம். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பக்கத்து வீட்டு மாட்டின்மேல் பழி விழும்போது தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறது.

சாயங்காலம் வெயில் தாழாதபோதே லாரி வந்து நின்றது. மெர்வ் கை கழுவிக்கொண்டு சமையலறைக்குள் வந்து, மேசைமேல் செய்தித்தாளில் கிடந்ததைப் பார்த்தான்.

"என்ன, பிரிச்சு நடறியா?"

"டெலியா குடுத்தா."

அவன் கை துடைக்கிற துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். கை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது, இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் எதுல செத்தேன், மெர்வ்?"

"நோல்…"

"கேக்கறேன்ல. எதுல செத்தேன்?"

"நெஞ்சுவலி" என்றான், குழாயைப் பார்த்துக்கொண்டு. பிறகு ஆறுதல் சொல்வதுபோல, "தூக்கத்துலயே போயிட்ட. கஷ்டப்படலை" என்றான்.

"என்னா மனசுய்யா உனக்கு!"

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். மெர்வ் அதில் குறை வைக்கவில்லை போலிருக்கிறது. அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஒருநாள் தண்ணீர் இறக்கப் போனபோது, தனியாக இருக்கீங்களா என்று டெலியா கேட்டாளாம். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டதாம். அடுத்த தரம் அதைத் திருப்பி எடுக்க முடியவில்லையாம். ஒரு பொய்யை நிற்க வைக்க இன்னொன்று, அதற்கு இன்னொன்று என்று போய், கடைசியில் நோலீனுக்கு அடக்கமும் செய்து முடித்துவிட்டிருந்தான்.

"செடி எதுக்கு எடுத்த?"

"அவ தோட்டம்னா உயிரை விடுவா. ஏதாவது கொண்டுபோகணும்னு…" நிறுத்தினான். பிறகு அவன் குரலும் உயர்ந்தது. "நீ அதுகிட்ட பேசின பேச்சுல பாதி என்கிட்ட பேசியிருக்கியா? காலையில எழுந்தா முதல்ல அது மூஞ்சி. குளிச்ச தண்ணியெல்லாம் அதுக்கு. இந்த வீட்டுல அதுக்கு இருந்த மரியாதை எனக்கு இருந்துச்சா, சொல்லு?"

அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அதை அவனுக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

"அவளுக்குத் தண்ணி குடுத்தியே. லைசென்ஸ் போகலையா?"

மெர்வ் துண்டை மடித்து மேசைமேல் வைத்தான்.

"கோரலியை நான் திருடின்னு சொன்னேனே, உன் காதுல விழுந்துதா?"

"விழுந்துது."

"நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"டீ ஊத்திக்கிட்டிருந்தேன்."

"மறுநாள் ஆணி அடிச்ச."

"நீ சொன்னேன்னுதான்."

"நான் சொல்லலை. நீயா சுத்தியலைத் தூக்கிட்டு வந்த. இந்தப் பொம்பளைகூட இனி ஒரு வார்த்தை வச்சுக்காதேன்னு நீதான் சொன்ன."

மெர்வ் மேசைமேலிருந்த செடியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். செய்தித்தாளின் ஈரம் காய்ந்து வருவதைக் கண்டு, எழுந்துபோய்க் குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து வந்து, தன்னையறியாமல் அதன்மேல் தெளித்தான். அதைப் பார்த்ததும் நோலீனுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. அவனையும் செடியையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

நடுவேலிக் கதவுதான் ஆணி அடித்துக் கிடந்ததே. தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. முப்பது வருஷத்தில் கோரலியின் வீட்டுக்கு முன்வாசல் வழியாக அவள் போனதே இல்லை. வாசலில் என்ன நிறம் அடித்திருக்கிறது என்பதுகூடப் புதிதாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறவள் ஏதாவது கையில் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் எதை எடுப்பது? லில்லியையா? நடந்து வரும்போது என்ன பேச வேண்டும் என்று கோத்து வைத்திருந்ததெல்லாம் கம்பிவலைக் கதவைத் தட்டியவுடன் உதிர்ந்துபோயின.

வலைக்குப் பின்னால் கோரலி வந்து நின்றாள். முடி நன்றாக நரைத்திருந்தது. உள்ளே இருட்டாக இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

"கடைக்குப் போற வழியில பாதை தவறிட்டியா?"

"நீ எடுக்கலை" என்றாள் நோலீன்.

"அதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்."

"மெர்வ்தான் எடுத்தான்."

கோரலி வலைக்கதவின் கொக்கியில் விரலை வைத்தாள். மெர்வா, எதற்கு, யாருக்கு என்று ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். யாராக இருந்தாலும் கேட்பார்கள். அந்தக் கேள்வி வராத இடத்தைக் கவனிக்க நோலீனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உனக்குத் தெரியும்."

"என் தங்கச்சி காரம்புக்லதானே இருக்கா. அதே தெரு, மூணு வீடு தள்ளி." கோரலியின் குரல் தணிந்திருந்தது. "பார்த்தேன். லாரி வாசல்ல நிக்குது, குழாய் தொட்டிக்குள்ள கிடக்குது, இவன் காலுறையோட வராந்தாவுல உக்காந்து கேக் தின்னுட்டிருக்கான்."

"எப்போ?"

"நீ என்னைத் திருடின்னு சொல்றதுக்கு முந்தி."

"முந்தியேவா? ஏன் சொல்லலை?"

"சொல்லணும்னுதான் அன்னிக்குக் கூட்டத்துக்கே வந்தேன். முடிஞ்சு ரெண்டு பேரும் நடந்து வருவோமே, அப்போ சொல்லலாம்னு வழியெல்லாம் வார்த்தையைத் தேடிட்டு வந்தேன். அதுக்குள்ள நீ எழுந்து குடையை விரிக்கச் சொல்லிட்ட." வலைக்குப் பின்னால் அவள் மூச்சு கேட்டது. "அதுக்கப்புறம் சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? செடியையும் திருடிட்டு, என் புருஷன் மேல பழி வேற போடறான்னு சொல்லியிருப்ப."

சொல்லியிருப்பாள்தான். நோலீன் அதை மறுக்கவில்லை.

"ஆனா அதுதான் காரணம்னு சொன்னா பொய்" என்றாள் கோரலி. "ஒரு மாசம் கழிச்சுச் சொல்லியிருக்கலாம். ஒரு வருஷம் கழிச்சாவது சொல்லியிருக்கலாம். சொல்லலை. படட்டும்னு விட்டுட்டேன். புதன்கிழமை லாரி கிளம்புற சத்தம் கேக்கும்ல, அப்போ இங்க சமையலறையில நின்னுக்கிட்டுச் சிரிப்பேன், நோல். ஒவ்வொரு வாரமும் சிரிச்சிருக்கேன்."

மன்னிப்புக் கேட்க வந்த வாய் திறந்தபடி நின்றது. மெர்வ் செய்தது வலித்தது என்றால், இது வலித்த இடம் வேறு. ஊரில் இவளிடம் மட்டும்தான், தான் செய்த அநியாயத்தைச் சொல்லி அழ முடியும் என்று நம்பி, தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். அந்த ஆளும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வாளியைத் தூக்கிக்கொண்டு தான் குனிந்து நிமிர்ந்ததையெல்லாம் பார்த்திருப்பாள். நீயுமா என்று கத்த வேண்டும்போல இருந்தது. அதே சமயம், உள்ளே போய் அந்தச் சமையலறை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. போவதற்கு வேறு வீடும் இல்லை.

கோரலி கொக்கியை எடுத்தாள். கம்பிவலைக் கதவு வெளிப்பக்கமாக ஒரு சாண் திறந்தது. நோலீனின் கை அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டது, திறப்பதற்கா மூடுவதற்கா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை.

"வர்றதுன்னா வா" என்றாள் கோரலி. "வரலைன்னா கதவைச் சாத்து. ஈ வருது."

உள்ளே அடுப்பில் கெட்டில் ஊதத் தொடங்கியது. கோரலி திரும்பிப் பார்க்கவில்லை. நோலீனின் விரல் முட்டியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்து, முன்காலைத் தேய்த்துக்கொண்டு, விரலோடு நடந்து கதவின் விளிம்புக்குப் போயிற்று. அங்கிருந்து எழும்பி இருவர் முகத்துக்கும் நடுவே பறந்து வீட்டுக்குள் போனது. அதை யாரும் விரட்டவில்லை.